சாட்சி சொல்ல வந்தவரின் பஸ் கட்டணம்

சம்மன் கைக்கு வந்ததும் பலர் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "போகாவிட்டால் பிடித்துக்கொண்டு போவார்களா?" என்பதுதான். போய்வரும் செலவை யார் தருவார்கள் என்று அநேகமாக ஒருவரும் கேட்பதில்லை.

சாட்சி சொல்ல வரும் காவலருக்கு அது பணி நாள், பயணப்படி உண்டு. அதே வழக்கில் நடவு வேலையை விட்டுவிட்டு வரும் பெண்ணுக்கு அரசுப் பணத்திலிருந்து ஒரு ரூபாய் தருவதற்கும் சட்டத்தில் இடம் இருக்க வேண்டும். இரக்கப்பட்டு எந்த அதிகாரியும் கொடுத்துவிட முடியாது. தணிக்கைக்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டும். ஆகவே எந்தப் பிரிவின்கீழ் கேட்கிறோம் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

குற்ற வழக்கென்றால், 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 350ஆம் பிரிவு. பழைய சட்டத்தில் இது 312. புகார்தாரருக்கும் சாட்சிக்கும் நியாயமான செலவை அரசு தரும்படி நீதிமன்றம் உத்தரவிடலாம். ஆனால் அது நீதிமன்றத்தின் விருப்புரிமை. மாநில அரசின் விதிகளுக்கும் உட்பட்டது. வாடகைக் கார் ரசீதை நீட்டினால் முழுத்தொகையும் கிடைக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். குற்றம்சாட்டப்பட்டவருக்கு இந்தப் பிரிவில் இடமே இல்லை.

சாட்சிகள் பலர் கூண்டை விட்டு இறங்கியதும் நேராகப் பஸ் நிலையத்துக்கு நடந்துவிடுகிறார்கள். நீதிமன்றத்திலேயே, அரசு வழக்கறிஞர் மூலமாகவோ நீதிபதியிடம் நேரடியாகவோ, "பேட்டா வேண்டும் ஐயா" என்று சொல்ல வேண்டும். வாய்தா போட்டுத் திருப்பி அனுப்பினாலும் கேளுங்கள். ஒத்திவைக்கப்படும் ஒவ்வொரு நாளுக்கும் சாட்சிக்குப் படி உடனே தரப்பட வேண்டும் என்று 2000ஆம் ஆண்டிலேயே ஸ்வரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கேட்காதவருக்குத் தேடி வந்து யாரும் தருவதில்லை.

சொத்துத் தகராறு போன்ற உரிமையியல் வழக்கில் அரசைக் கேட்டுப் பயனில்லை. உங்களைச் சாட்சியாக அழைக்கும் தரப்புதான் செலவுத் தொகையை முன்கூட்டியே நீதிமன்றத்தில் கட்ட வேண்டும்.

பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கான வன்கொடுமைத் தடுப்புச் சட்ட வழக்குகளில் நிலைமையே வேறு. அந்தச் சட்டத்துக்கான 1995ஆம் ஆண்டு விதிகளில் 11ஆம் விதியைப் படித்துப் பாருங்கள். பாதிக்கப்பட்டவர், அவரைச் சார்ந்தவர், சாட்சி ஆகியோருக்கு இரண்டாம் வகுப்பு ரயில் கட்டணமோ, உண்மையில் செலவான பஸ் அல்லது டாக்சிக் கட்டணமோ தர வேண்டும். நீதிமன்றத்துக்கு மட்டுமல்ல, விசாரணை அதிகாரியைப் பார்க்கப் போனாலும் உண்டு. பெண்களும், சிறுவர்களும், 60 வயதைக் கடந்தவர்களும், 40 சதவீதமோ அதற்கு மேலோ ஊனமுள்ளவர்களும் தமக்கு விருப்பமான ஒருவரைத் துணைக்கு அழைத்து வரலாம். துணைக்கு வருபவருக்கும் செலவு தர வேண்டும். இழந்த நாளுக்கான படி, விவசாயத் தொழிலாளர்களுக்கு மாநில அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலிக்குக் குறையக்கூடாது. உணவுச் செலவு தனி. இவற்றையெல்லாம் மாவட்ட ஆட்சியரோ கோட்டாட்சியரோ பிற நிர்வாக நடுவரோ உடனே, அதிகம் போனால் மூன்று நாளுக்குள், தர வேண்டும்.

இங்கே யாருடைய விருப்புரிமைக்கும் இடமில்லை. ஆனாலும் இப்படி ஒரு விதி இருப்பதே தெரியாமல் வருடக்கணக்கில் கைக்காசைச் செலவழித்து அலைந்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். கடன் வாங்கி வந்தவர்களும் அவர்களில் உண்டு.

காவல் நிலையத்துக்கு அழைத்தால் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 179ஆம் பிரிவைக் காட்டுங்கள். பெண்களையும், 15 வயதுக்குட்பட்ட அல்லது 60 வயதைக் கடந்த ஆண்களையும், ஊனமுற்றோரையும், கடும் நோயாளிகளையும் வீட்டுக்கு வந்துதான் விசாரிக்க வேண்டும். அவர்களாக விரும்பினால் மட்டும் நிலையத்துக்குப் போகலாம். நிலையத்துக்குப் போகிறவர்களுக்கு மாநில விதிப்படி காவல் அதிகாரி செலவு தர அதே பிரிவு வழி செய்கிறது. சம்மனின் நகல், டிக்கெட், எந்தத் தேதியில் ஆஜரானீர்கள் என்ற குறிப்பு ஆகிய மூன்றையும் சேர்த்து வைத்துக்கொண்டு எழுத்து மூலமாகக் கேளுங்கள். மறுத்தால், மறுப்பையும் எழுத்திலேயே வாங்குங்கள்.