ஒத்ததிர்வு: சொல் விளக்கம்

தண்டையார்ப்பேட்டையில் எண்ணூர் நெடுஞ்சாலையை ஒட்டிக் குடியிருப்பவர்கள் இதைக் கவனித்திருக்கக்கூடும்: கன்டெய்னர் லாரி ஒரு குறிப்பிட்ட வேகத்தில் கடக்கும்போது, அலமாரியில் அடுக்கிய எவர்சில்வர் பாத்திரங்களுள் ஒரே ஒரு தட்டு மட்டும் கிணுகிணுக்கும். புறத்திலிருந்து வரும் அதிர்வு ஒரு பொருளின் இயல்பான அதிர்வெண்ணோடு ஒத்துப்போகும்போது அப்பொருள் மிகுதியாக அதிர்வதே ஒத்ததிர்வு.

ஆங்கிலத்தின் 'ரெசொனன்ஸ்', 'மீண்டும் ஒலித்தல்' என்னும் பொருளுடைய இலத்தீன் வினையிலிருந்து பிறந்தது. ஒத்த, அதிர்வு என்னும் இரண்டும் சேர்ந்த தமிழ்ச்சொல்லோ எதிரொலியை விட்டுப் பொருத்தத்தைப் பற்றிக்கொள்கிறது. என் கருத்தில் இதுவே மேல். இலங்கையில் 'பரிவு' என்பர். அழகிய சொல்தான், ஆனால் இங்கே அது இரக்கத்தையே நினைவூட்டும். பென்சீனைப் பற்றிய பாடத்தில் வரும் 'உடனிசைவு' வேறு. அங்கே எதுவும் அதிர்வதில்லை.

1946-இல் இயற்பியலாளர்கள் புளோக்கும் பர்செலும் தனித்தனியே வெளியிட்ட ஆய்வுகளிலிருந்து வளர்ந்த துறைக்கு அணுக்கரு காந்த ஒத்ததிர்வு நிறமாலையியல் என்று பெயர். ராயபுரத்து ஸ்கேன் மையப் பலகைகளில் காணும் எம்.ஆர்.ஐ. இதன் வழித்தோன்றலே, அணுக்கதிர்வீச்சு இல்லாதபோதும் நோயாளிகள் அஞ்சுவர் என்பதால் 'அணுக்கரு' அப்பெயரிலிருந்து உதிர்ந்தது.

சுமார் 11.7 டெஸ்லா காந்தப்புலத்தில் ஹைட்ரஜன் அணுக்கருக்கள் 500 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ அலையோடு ஒத்ததிர்கின்றன. இவ்வலையைச் சிறு துடிப்புகளாகச் செலுத்தி, அவற்றுக்கிடையே போதிய இடைவெளி விட்டால், திரும்பி வரும் சமிக்ஞைக்கு ஒவ்வொரு கருவும் சமபங்கு தரும். ஆகவே அச்சமிக்ஞையின் வரைபடத்தில் எழும் முகட்டின் பரப்பு கருக்களின் எண்ணிக்கைக்கு நேர்விகிதத்தில் இருக்கும். செறிவு தெரிந்த வேறொரு பொருளின் பரப்போடு, இருபுறமும் கருக்களின் எண்ணிக்கையால் வகுத்து ஒப்பிட்டால், கரைசலிலுள்ள புரதத்தின் செறிவு கிடைத்துவிடும். உயரத்தை நம்பக் கூடாது: பெரிய புரதம் மெதுவாகச் சுழல்வதால் அதன் முகடு அகன்று தாழ்ந்துவிடும். நீர் வேறொரு தொல்லை. அதன் ஹைட்ரஜன் லிட்டருக்கு ஏறத்தாழ 110 மோல், புரதமோ பெரும்பாலும் மில்லிமோலுக்கும் கீழே. எனவே நீரின் சமிக்ஞையை அடக்கி, அதற்கு எட்ட நிற்கும் மெத்தில் (CH₃) தொகுதிகளின் முகடுகளை அளப்பர். வழக்கமான ஒளியுறிஞ்சல் அளவீடு நம்பியிருக்கும், 280 நானோமீட்டர் ஒளியை உறிஞ்சும் டிரிப்டோபான், டைரோசின் ஆகிய அமினோ அமிலங்கள் இல்லாத புரதத்துக்கும் இம்முறை பொருந்தும்.

இப்படி அளந்த செறிவைப் 'புரதத்தின் அடர்த்தி' என்று எழுதுவது பிழை. அடர்த்தி அப்புரதத்துக்கே உரிய பண்பு. எவ்வளவு கரைத்தாலும் அது மாறாது, மாறுவது செறிவு.