கேபினெட்டோடு வந்த எஸ்எம்பிஎஸ்

இப்படி ஒரு கம்ப்யூட்டர் என்னிடம் பழுதுக்கு வருவது இந்த மாதம் இது நான்காவது. கல்லூரி முதல் வருடப் பையன். வீட்டில் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டை அவனே மாட்டியிருக்கிறான். டெஸ்க்டாப் வரை எல்லாம் ஒழுங்கு. கேமுக்குள் போன ஐந்தாவது நிமிடம் பொட்டென்று அணைந்துவிடுகிறது. "கார்டு டூப்ளிகேட்டா அண்ணா?" என்றான்.

பக்கத்துத் தகட்டைக் கழற்றியதுமே கருகல் வாடை. கேபினெட்டோடு வந்த எஸ்எம்பிஎஸ், அதாவது கம்ப்யூட்டருக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் பெட்டி. கார்டுக்குப் போகவேண்டிய 8 பின் வயரே அதில் கிடையாது. பழைய ஹார்டு டிஸ்க்குகளுக்கான மோலெக்ஸ் வயர் இரண்டைச் சேர்த்து கன்வர்ட்டர் போட்டிருந்தான். வெள்ளை கனெக்டரில் மஞ்சள் வயர் நுழையும் மூலை மட்டும் பழுப்பேறி இளகியிருந்தது.

"450 வாட் அண்ணா, போதாதா?"

இதற்குப் பதில் சொல்லியே எனக்கு வாய் வலிக்கிறது. ஸ்டிக்கரில் பெரிய எழுத்தில் இருப்பதை விடுங்கள். கீழே பொடி எழுத்தில் ஒரு கட்டம் இருக்கும். அதில் 12 வோல்ட்டுக்கு நேராக எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். கேம் ஓடும்போது ப்ராசஸரும் கார்டும் இழுப்பது ஏறக்குறைய முழுக்க அதிலிருந்துதான். இவனுடையதில் 16 ஆம்பியர். பன்னிரண்டு பதினாறு 192. ஆக, 192 வாட். 3060 மட்டுமே 170 வாட் கேட்கும். மிச்சம் 22 வாட்டில் ப்ராசஸர், ஹார்டு டிஸ்க், ஃபேன் எல்லாம் குடும்பம் நடத்த வேண்டும். அதுவும் ஸ்டிக்கரை நம்பினால்! ஒழுங்கான 550 வாட் எஸ்எம்பிஎஸ்ஸில் 12 வோல்ட்டில் மட்டும் 40 ஆம்பியருக்கு மேல் இருக்கும். 80 ப்ளஸ் முத்திரையைப் பார்த்தும் ஏமாறாதீர்கள். அது மின்சாரச் சிக்கனத்துக்கான முத்திரை, பலத்துக்கு அல்ல.

"அப்புறம் அப்கிரேடு பண்ணிக்கிறேன்" என்பவர்கள்தான் எஸ்எம்பிஎஸ்ஸிலும் மதர்போர்டிலும் கை வைத்து மிச்சம் பிடிக்கிறார்கள். தலைகீழ். கார்டை மாற்ற இரண்டு ஸ்க்ரூ போதும். போர்டை மாற்றினால் ப்ராசஸரும் ராமும் கூடவே போகும்.

போர்டில், ப்ராசஸர் உட்காரும் சாக்கெட்டைத்தான் முதலில் பார்க்க வேண்டும். 2017இல் ஏஎம்4 சாக்கெட்டில் பி350 போர்டு வாங்கியவர்களில் பலர், போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸை அப்டேட் செய்து, 2022இல் வந்த ரைசன் 5800எக்ஸ்3டி ப்ராசஸரை அதிலேயே போட்டுவிட்டார்கள். இப்போது புதிதாக வாங்குவதென்றால் ஏஎம்5. 2027 வரையாவது ஆதரவு உண்டு என்று ரைசன் தயாரிக்கும் ஏஎம்டி சொல்லியிருக்கிறது. ராம் டிடிஆர்5 என்பதால் விலை இடிக்கும். கையில் அவ்வளவு இல்லையா? ஏஎம்4-லேயே ரைசன் 5600 போதும். ஆனால் அது கடைசி ஸ்டாப் என்று தெரிந்து ஏறுங்கள். "ஐ7, 16 ஜிபி, கேமிங் பிசி" என்று அடிமாட்டு விலைக்கு வருகிறதே, ஐ7-க்குப் பக்கத்தில் உள்ள எண் 2-லோ 3-லோ தொடங்கினால் அது ரொம்பப் பழைய ப்ராசஸர், வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

கார்டுக்கு இப்போது காசில்லையென்றால் கிராபிக்ஸும் உள்ளேயே இருக்கும் 5600ஜி மாதிரி ப்ராசஸர் ஒன்றில் தொடங்கலாம். அதற்கு 8 ஜிபி ராம் இரண்டாகப் போடுங்கள், தயவுசெய்து. ஒற்றை ராமில் ஓட்டிவிட்டு "கேம் திக்குது" என்று வராதீர்கள்.

பையனின் கார்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. புது எஸ்எம்பிஎஸ் மாட்டி, ஒரு மணி நேரம் கேம் ஓட்டிக் காட்டினேன். கிளம்பும்போது, "பழசை யாருக்காவது வித்துடலாமா அண்ணா?" என்றான். கட்டரை எடுத்து வயரை அடியோடு வெட்டிவிட்டுத்தான் கொடுத்தேன்.