அந்தப் பெயரை அழிக்காதீர்கள்

பழைய புத்தகங்களைச் செப்பனிடுவது என் தொழில். அடிமைமுறைக்கு எதிரான நூல்களின் முதற்பதிப்புகளைத் தேடிச் சேர்ப்பவர்கள் என்னிடம் வருவதுண்டு. வாங்கும் முன் காட்டுபவர்கள் குறைவு. வாங்கிய பிறகுதான் பெரும்பாலோர் வருகிறார்கள்.

அடிக்கடி வருவது ஹேரியட் பீச்சர் ஸ்டோ என்ற அமெரிக்கப் பெண்மணியின் நாவல் 'அங்கிள் டாம்ஸ் கேபின்'. "1852 என்று போட்டிருக்கிறதே, முதற்பதிப்புதானே?" என்பார்கள். அவசரப்படாதீர்கள். பாஸ்டனில் ஜான் ஜூவெட் அந்த மார்ச் மாதம் இரண்டு பாகங்களாக வெளியிட்டபோது முதலில் அடித்தது 5,000 பிரதிகள். ஓராண்டில் அமெரிக்காவில் மட்டும் சுமார் 3,00,000 விற்றன. ஆகவே 1852 என்று அச்சிட்ட பிரதிகள் ஏராளம். தலைப்புப் பக்கத்தில் 'பத்தாவது ஆயிரம்' என்பதுபோல ஒரு வரி இருந்தால் அது பிந்தைய அச்சு. இரண்டு பாகங்களையும் தனித்தனியே பாருங்கள், வெவ்வேறு அச்சுகளை ஜோடி சேர்த்து விற்பதும் நடக்கிறது.

அமெரிக்காவில் அடிமையாயிருந்து தப்பிய ஃபிரெடரிக் டக்ளஸ் 1845இல் வெளியிட்ட தன்வரலாறு என்றால் முகப்பில் அவர் உருவப்படம் இருக்கிறதா பாருங்கள். அடிமை வணிகத்தை எதிர்த்த ஆங்கிலேயர் தாமஸ் கிளார்க்சனின் 1808 நூலில் அடிமைக் கப்பலின் மடிப்புப் படம் இருக்க வேண்டும். இப்படிப்பட்ட படங்களைத்தான் சட்டம் போட்டு மாட்ட உருவி விடுகிறார்கள்.

ஒருவர் கொண்டுவந்த ஸ்டோ பிரதியை என்னால் மறக்க முடியவில்லை. முன்தாளில் யாரோ மையால் பெயரும் ஊரும் எழுதியிருந்தார்களாம். அழுக்காகத் தெரிகிறது என்று அந்தத் தாளைக் கிழித்துப் புதுத்தாள் ஒட்டி, ஓரத்தையும் வெட்டிச் சமப்படுத்தியிருந்தார். பார்த்ததும் மனம் வலித்தது. 1857இல் மேரிலாந்தில் சாமுவேல் கிரீன் என்ற கறுப்பினப் போதகருக்கு இதே புத்தகத்தை வீட்டில் வைத்திருந்ததற்காக 10 ஆண்டு சிறைத்தண்டனை விதித்தார்கள். 1862இல்தான் வெளியே வந்தார். அப்படிப்பட்ட காலத்தில் இதில் தன் பெயரை எழுதியவர் யார், எந்த ஊர்? இனி அதைக் கண்டுபிடிக்க வழியில்லை.

அடிமையாயிருந்து விடுதலை பெற்ற ஒலாடா எக்வியானோ 1789இல் லண்டனில் தாமே வெளியிட்ட தன்வரலாற்றின் முன்பக்கங்களில், முன்பணம் கொடுத்தவர்கள் 300 பேருக்கு மேல் பட்டியலாக இருக்கிறார்கள். அவர் வாழ்நாளில் ஒன்பது பதிப்புகள் வந்தன, பட்டியலும் வளர்ந்தது. முதற்பதிப்பு கிடைக்கவில்லையே என்று வருந்துபவர்களிடம் பிந்தைய பதிப்பைத் தயங்காமல் வாங்கச் சொல்வேன். அடிமைமுறை எதிர்ப்பு இயக்கத்தோடு யார் யார் வந்து சேர்ந்தார்கள் என்பது அதில்தான் தெரியும்.

அப்புறம், செலோடேப் வேண்டாம். அதன் பசை சில ஆண்டுகளில் பழுப்பேறித் தாளுக்குள் இறங்கிவிடும், எடுப்பது பெரும்பாடு. லேமினேஷன் வேண்டவே வேண்டாம். கையுறையும் தேவையில்லை, கழுவி நன்றாக உலர்ந்த கை போதும். அட்டை கழன்றிருந்தால் பருத்தி நாடாவால் தளர்வாகக் கட்டுங்கள். உதிர்ந்த துண்டுகளை, சிறியவையாக இருந்தாலும், ஒரு காகித உறையில் போட்டு அப்படியே கொண்டுவாருங்கள்.