ஒரே தொலைநோக்கி, பல நாடுகள்: மலையுச்சி இரவுகள் பங்கிடப்படும் முறை

ஹவாயின் மௌனா கியா எரிமலை உச்சியில் ஏறத்தாழ 4,200 மீட்டர் உயரத்தில் ஒன்றும், சிலியின் செர்ரோ பச்சோன் மலைமீது சுமார் 2,700 மீட்டர் உயரத்தில் மற்றொன்றுமாக, 8.1 மீட்டர் விட்டமுள்ள ஆடிகளைக் கொண்ட இரு தொலைநோக்கிகள் சேர்ந்ததே ஜெமினி வானாய்வகம். ஒன்று வட வானையும் மற்றது தென் வானையும் பார்ப்பதால், ஏறக்குறைய வானம் முழுவதும் இவற்றுக்கு எட்டுகிறது. அமெரிக்கா, கனடா, பிரேசில், அர்ஜென்டினா, சிலி, தென்கொரியா ஆகிய நாடுகள் இதில் பங்காளிகள். ஒவ்வொரு நாட்டின் பங்குக்கும் ஏற்ப அந்நாட்டு வானியலாளர்களுக்கு நோக்கீட்டு நேரம் கிடைக்கிறது. ஆனால் பங்கிட வேண்டிய அந்த இரவின் தரமோ வானிலையைப் பொறுத்து நாளுக்கு நாள், சில வேளைகளில் மணிக்கு மணி மாறிவிடுகிறது. இதன் சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

முன்பெல்லாம் ஒரு வானியலாளருக்குக் குறிப்பிட்ட சில இரவுகள் ஒதுக்கப்படும். அவர் மலைக்குச் சென்று காத்திருப்பார். மேகம் சூழ்ந்தால் வெறுங்கையோடு திரும்புவார். ஜெமினி பெரும்பாலும் பின்பற்றும் வரிசைமுறை, அதாவது நாள் குறிக்காமல் அந்த நேரத்து வானத்துக்கேற்பத் திட்டங்களை நிறைவேற்றும் முறை, இந்த இழப்பைக் குறைக்கிறது. ஆண்டுக்கு இருமுறை ஆய்வுத் திட்டங்கள் கோரப்படுகின்றன. தம் ஆய்வுக்கு எந்த அளவு தெளிந்த வானம் வேண்டும், நிலவொளியும் காற்றிலுள்ள நீராவியும் எவ்வளவு இருக்கலாம், விண்மீனின் பிம்பம் எவ்வளவு கூர்மையாக விழ வேண்டும் என்பவற்றை ஒவ்வொருவரும் முன்கூட்டியே குறிப்பிட வேண்டும். பிம்பக் கூர்மையை எடுத்துக்கொண்டால், மொத்த நேரத்தில் மிகச் சிறந்த 20 விழுக்காட்டுக்குள் அமையும் சூழலையும் கேட்கலாம், 70 அல்லது 85 விழுக்காட்டுக்குள் அமைவதையும் கேட்கலாம், எதுவானாலும் போதும் என்றும் சொல்லலாம். அரிய சூழலைக் கேட்பவரின் திட்டம் நிறைவேறும் வாய்ப்பு குறைவு என்பதால், தேவைக்கு மேல் கேட்பதை இந்த முறையே தடுத்துவிடுகிறது.

ஒவ்வொரு நாட்டின் குழுவும் தன்னிடம் வரும் திட்டங்களை மதிப்பிட்டுத் தரவரிசைப்படுத்துகிறது. பின்னர் பன்னாட்டுக் குழு ஒன்று கூடி, நாடுகளின் பங்கு விகிதம் கெடாதவாறு அந்தப் பட்டியல்களை ஒன்றாகக் கோக்கிறது; இரு நாட்டினர் ஒரே விண்பொருளைக் கேட்டிருந்தால் அதுவும் அங்கேயே தீர்க்கப்படுகிறது. அதன்பின் இரவில் பணியிலிருக்கும் நோக்குநர், அந்த நேரத்து வானத்துக்குப் பொருந்தும் திட்டங்களில் முதன்மையானதைத் தேர்ந்தெடுக்கிறார். நல்ல சூழலில் கனடாவின் மங்கலான விண்மீன்திரளைப் பார்த்துக்கொண்டிருக்கையில் மெல்லிய மேகம் படர்ந்தால், பிரேசிலின் ஒளிமிக்க விண்மீனுக்குத் தொலைநோக்கி திரும்பும். செலவான நேரம் அந்தந்த நாட்டின் கணக்கில் எழுதப்படும். பெரும் ஆடியை வார்த்த திறமைக்கு இந்தக் கணக்கு முறை எவ்வகையிலும் குறைந்ததல்ல என்றே நான் கருதுகிறேன்.

எதிர்பாராத நிகழ்வுகளுக்கும் வரிசையில் இடமுண்டு. 2017 ஆகஸ்ட் 17 அன்று மிக அடர்ந்த இரு நியூட்ரான் விண்மீன்கள் மோதியதால் எழுந்த ஈர்ப்பலை, அதாவது வெளியில் பரவும் அதிர்வு, பதிவானது. அந்த மோதல் நிகழ்ந்த, சுமார் 13 கோடி ஒளியாண்டுத் தொலைவிலுள்ள விண்மீன்திரள் அப்போது வானில் சூரியனுக்கு அண்மையில் இருந்ததால், சிலியில் இருட்டிய பின் சிறிது நேரமே தென்பட்டது. அந்தக் குறுகிய இடைவெளியில் ஜெமினியின் தெற்குத் தொலைநோக்கி பல இரவுகள் அந்த மோதலின் அகச்சிவப்பு ஒளியைத் தொடர்ந்து அளந்தது. நாள் குறித்து ஒதுக்கும் பழைய முறையில், அந்த இரவுகளுக்கு உரியவர்களிடம் கெஞ்சிக் கேட்க வேண்டியிருந்திருக்கும்.

கருவிகளும் கூட்டு உழைப்பில் பிறந்தவையே. ஆடிகள் அமெரிக்காவில் வார்க்கப்பட்டுப் பிரான்சில் மெருகேற்றப்பட்டன. ஒளியை நிறங்களாகப் பிரித்து ஆராயும், இரு தொலைநோக்கிகளிலும் உழைத்துவரும் ஜிமோஸ் நிறமாலைமானிகளைக் கனடாவும் பிரிட்டனும் உருவாக்கின. ஆஸ்திரேலியா 2015 இறுதியில் முழுப் பங்காளி நிலையிலிருந்து விலகிய பிறகும், அந்நாட்டவர் தலைமையில் உருவான கோஸ்ட் என்னும் நிறமாலைமானி சிலிக்கு வந்து சேர்ந்தது. பங்காளிகள் விலகுவது இத்தகைய கூட்டமைப்பின் நிலையான அச்சம். 2012 இறுதியில் பிரிட்டன் வெளியேறியபோது வரவுசெலவு சுருங்கியது. செலவைக் குறைக்க, இரவுப் பணி மலையுச்சியிலிருந்து கடல்மட்டத்தை ஒட்டிய ஹிலோ, லா செரீனா நகரங்களின் கட்டுப்பாட்டு அறைகளுக்கு மாற்றப்பட்டது. கடல்மட்டத்தில் உள்ளதில் சுமார் 60 விழுக்காடு காற்றழுத்தமே மௌனா கியா உச்சியில் உண்டு என்பதால், இம்மாற்றம் பணியாளர் உடல்நலத்துக்கும் நன்மையாயிற்று. பராமரிப்புக் குழுவினர் மட்டும் பகலில் மேலே ஏறுகின்றனர்.

மலைக்கு உரியவர்களும் இந்த ஏற்பாட்டில் பங்குதாரர்களே. சிலியில் அமைந்த பெரும் தொலைநோக்கிகளின் நேரத்தில் 10 விழுக்காடு பொதுவாகச் சிலி வானியலாளர்களுக்குச் செல்கிறது. ஹவாய்ப் பூர்வகுடிகளுக்கு மௌனா கியா புனித மலை. 2019இல் அங்கே புதிய தொலைநோக்கி ஒன்று கட்டப்படுவதை எதிர்த்து அவர்கள் சாலையை மறித்தபோது, உச்சியிலிருந்த ஆய்வகங்கள் சில வாரங்கள் பணியை நிறுத்தின. 2022இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, பூர்வகுடிப் பண்பாட்டு அறிவுடையோரும் இடம்பெறும் புதிய ஆணையம் அம்மலையின் பொறுப்பை ஏற்கிறது. அவர்களின் குரலுக்கு இந்த இடம் இன்னும் முன்பே கிடைத்திருக்க வேண்டும்.

திரட்டப்பட்ட தரவுகள் வழக்கமாக 12 மாதங்கள் திட்டத்தை முன்மொழிந்தவருக்கு மட்டுமே உரியவை. அதன்பின் அவை பொதுக் காப்பகத்தில் திறந்துவிடப்படுகின்றன; பங்களிப்பே செய்யாத நாட்டின் மாணவரும் அவற்றைத் தரவிறக்கி ஆராயலாம்.