ஆங்கர் டெக்ஸ்ட்: இணைப்பு உரை

வலைப்பக்கத்தில் நீல நிறத்தில், பெரும்பாலும் அடிக்கோட்டோடு சில சொற்கள் இருக்கும். தொட்டால் வேறு பக்கம் திறக்கும். கண்ணுக்குத் தெரியும் அந்தச் சொற்கள்தான் ஆங்கர் டெக்ஸ்ட். பின்னால் ஒளிந்திருக்கும் முகவரி இதில் சேராது.

ஆங்கர் என்றால் நங்கூரம். கிரேக்கத்திலிருந்து லத்தீன் வழியாக ஆங்கிலத்துக்குப் போன சொல். இணைப்பின் முனை உரையில் எந்த இடத்தில் பிணைந்திருக்கிறதோ, அந்த இடத்தைக் கணினித் துறையில் ஆங்கர் என்றார்கள். வலைப்பக்கங்களை எழுத டிம் பெர்னர்ஸ்-லீ உருவாக்கிய எச்டிஎம்எல் என்ற குறிமொழியில் இணைப்புக்கான குறி 'ஏ' என்ற ஒற்றை எழுத்து; ஆங்கரின் முதலெழுத்து அது.

தமிழில் 'நங்கூர உரை' என்று அப்படியே பெயர்த்தால் கப்பல்தான் நினைவுக்கு வரும், பொருள் வராது. 'சுட்டுரை' அழகான சொல், ஆனால் நாளிதழ்கள் அதை ட்விட்டருக்கு எடுத்துக்கொண்டுவிட்டன. 'சுட்டி' என்றால் மவுஸா, லிங்க்கா என்று குழப்பம். 'இணைப்பு உரை' என்பதே என் தேர்வு. விளக்கம் கேட்காமலே புரிகிறது.

இந்தச் சில சொற்களுக்கு ஏன் இத்தனை மதிப்பு? கூகுளை உருவாக்கிய செர்கேய் பிரின்னும் லாரி பேஜும் அதை விவரித்து 1998-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் காரணம் இருக்கிறது. இணைப்பு உரையை, அது இருக்கும் பக்கத்தோடு மட்டுமல்லாமல் அது காட்டும் பக்கத்தோடும் சேர்த்துப் பதிந்தார்கள். ஒரு பக்கம் தன்னைப் பற்றிச் சொல்வதைவிட, பிறர் அதற்கு வைக்கும் பெயர் பல நேரம் துல்லியமாக இருக்கும் என்பது அவர்கள் கணிப்பு. 2.4 கோடிப் பக்கங்களிலிருந்து 25.9 கோடி இணைப்பு உரைகளை அப்போதே பதிந்திருந்தார்கள்.

இதைத் திரித்தவர்களும் உண்டு. 'படுதோல்வி' என்ற பொருள் தரும் ஆங்கிலத் தொடரில் பலர் இணைப்புக் கொடுத்ததால், 2003-இல் கூகுளில் அதைத் தேடியவர்களுக்கு அன்றைய அமெரிக்க அதிபர் ஜார்ஜ் புஷ்ஷின் வாழ்க்கைக் குறிப்பு முதலில் வந்தது. 2007-இல் கூகுள் அதைச் சரிசெய்தது. விலைக்கு வாங்கிய இணைப்புகளில் ஒரே தேடுசொல்லைத் திரும்பத் திரும்பத் திணித்த தளங்களை 2012 ஏப்ரலில் கூகுள் தன் தரவரிசை முறையில் கொண்டுவந்த 'பெங்குவின்' என்ற மாற்றம் கீழே தள்ளியது.

சரி, எப்படித் தேர்ந்தெடுப்பது? 'இங்கே சொடுக்கவும்' என்று எழுதினால் தேடுபொறிக்கு எதுவும் தெரியாது. திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் மென்பொருளான திரைவாசிப்பான் வழியே இணைப்புகளை மட்டும் வரிசையாகக் கேட்கும் பார்வையற்ற வாசகருக்கோ 'இங்கே, இங்கே' என்றுதான் காதில் விழும். எனக்கு இதுதான் பெரிய காரணமாகப் படுகிறது. 'தஞ்சைப் பெரிய கோயில் கட்டப்பட்ட விதம்' என்று, திறக்கப்போகும் பக்கத்தின் பொருளையே எழுதுங்கள். அதே பக்கத்துக்கு இன்னோர் இடத்தில் இணைப்புத் தரும்போது வாக்கியத்துக்கு ஏற்ப சொற்கள் மாறட்டும். படத்தை இணைப்பாக்கினால் அதன் மாற்று உரை, அதாவது படத்துக்குப் பதிலாகப் படிக்க எழுதிவைக்கும் விவரிப்பு, இந்த வேலையைச் செய்யும்.

தமிழுக்கே உரிய சிக்கல் ஒன்றும் உண்டு. 'கோயிலுக்கு' என்பதில் 'கோயில்' வரை மட்டும் இணைப்பாக்க முடியாது. 'லு'வை நடுவில் வெட்டினால் எழுத்து உடையும். உருபையும் சேர்த்து முழுச் சொல்லையும் இணைப்பாக்கிவிடுங்கள்.