ஆறு மணிக்குக் கீழே ஒரு பொடி எழுத்து

ரோலெக்ஸ் சப்மரைனர் வாட்ச் ஒன்றைக் கையில் கொடுத்து, "இது எந்தக் காலத்துது?" என்று கேளுங்கள். விவரம் தெரிந்தவர் பெரிய எழுத்தில் இருக்கும் பெயரைப் பார்க்க மாட்டார். கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு நேராக டயலின் அடிவிளிம்புக்குப் போவார். ஆறு மணிக் குறிக்குக் கீழே, கண்ணாடியின் ஓரத்தில் பாதி ஒளிந்த மாதிரி ஒரு பொடி எழுத்து இருக்கும். 'ஸ்விஸ்' என்று மட்டும் இருக்கலாம். 'ஸ்விஸ் – டி<25' என்று இருக்கலாம். 'ஸ்விஸ் மேட்' என்று இருக்கலாம். அந்த இரண்டு சொல்லுக்கும் நடுவில் ஒரு குட்டிக் கிரீடம்கூட இருக்கலாம். வயதில் பாதிக் கணக்கு அங்கேயே முடிந்துவிடும்.

1953-ல் வந்த இந்த முக்குளிப்பு வாட்ச் எழுபது வருஷத்துக்கு மேலாகப் பார்வைக்கு ஒரே சாயலில்தான் இருக்கிறது. கறுப்பு டயல், வட்டப் பொட்டுகள், பன்னிரண்டு மணியில் முக்கோணம், முங்கியிருந்த நிமிடத்தைக் கணக்குப் பார்க்கச் சுழலும் வளையம். ஆரம்பத்தில் 100 மீட்டர் ஆழம் தாங்கியது, இன்று 300 மீட்டர் தாங்குகிறது. ஆனால் இந்தச் சாயலுக்குள்ளே பொருள்கள் மாறிக்கொண்டே வந்திருக்கின்றன. ஒளிரும் பூச்சு, கண்ணாடி, வளையம் என்று ஒவ்வொன்றும் மாறியபோது ஒரு தடயத்தை விட்டுவிட்டுப் போயிருக்கிறது. ரகம் பிரிக்கிற வித்தை முழுக்க அந்தத் தடயங்களைப் படிப்பதுதான்.

பூச்சிலிருந்து ஆரம்பிப்போம். கடலுக்குள் இறங்க இறங்க வெளிச்சம் வடிந்துவிடும். முதுகில் இருக்கும் காற்று எத்தனை நிமிடம் வரும் என்பது உயிர்க்கணக்கு. அதனால் முள்ளும் பொட்டும் இருட்டில் தானாக ஒளிர வேண்டும். 1950-களில் அதற்குக் கிடைத்த பொருள் ரேடியம். ரேடியம் உமிழும் ஆல்பா துகள்கள் அதனோடு கலந்திருக்கும் துத்தநாக சல்பைடு படிகங்களை ஓயாமல் தாக்கும். படிகம் அந்த அடியை ஒளியாக மாற்றும். வெயில் காட்ட வேண்டாம், விளக்கு காட்ட வேண்டாம், ராப்பகலாக எரியும்.

ரேடியத்தின் அரை ஆயுள் 1,600 ஆண்டுகள். அப்படியென்றால் அந்தக் காலத்து டயல் இன்றும் பளிச்சென்று இருக்க வேண்டுமே? இருக்காது. அடி வாங்கி வாங்கிப் படிகம் சில பத்தாண்டுகளில் நைந்துவிடும். ரேடியம் அப்படியே இருக்க, ஒளி மட்டும் செத்துப்போகும். 1950-களின் சப்மரைனரை இருட்டறையில் வைத்தால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. கதிரியக்கத்தைக் காட்டும் கைகர் கருவியைப் பக்கத்தில் கொண்டுபோனால் படபடவென்று துடிக்கும். இந்தப் பூச்சைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்கு அமெரிக்காவின் டயல் தீட்டிய இளம்பெண்கள் நினைவுக்கு வருவார்கள். 1910-களிலும் 20-களிலும் தூரிகை முனையைக் கூராக்க உதட்டில் வைத்து வைத்து எடுத்து, தாடை எலும்பு சிதைந்து செத்தவர்கள் அவர்கள். கதிரியக்கப் பொருளைக் கையாளும் தொழிலாளருக்குப் பாதுகாப்பு வேண்டும் என்ற விழிப்பு வந்ததில் அவர்கள் போட்ட வழக்குகளுக்குப் பெரிய பங்கு உண்டு.

1960-களின் தொடக்கத்தில் ரேடியம் போய் டிரிட்டியம் வந்தது. இது ஹைட்ரஜனின் கதிரியக்க வடிவம். இதன் பீட்டா துகள்கள் மிகவும் நோஞ்சான், கண்ணாடியைக்கூடத் தாண்டாது. அந்தப் பொடி எழுத்தில் இருக்கும் 'டி' இந்த டிரிட்டியம்தான். 'டி<25' என்றால் அதன் கதிரியக்கம் 25 மில்லிக்யூரிக்கும் குறைவு என்ற உறுதிமொழி. 1970-களில் பிரிட்டிஷ் ராணுவத்துக்காகச் செய்த சப்மரைனர்களில் இந்த 'டி' ஒரு வட்டத்துக்குள் தனியாகவே டயலில் அச்சாகியிருக்கும். முள்ளும் வாள் மாதிரித் தடிமனாக இருக்கும்.

டிரிட்டியத்தின் அரை ஆயுள் 12.3 ஆண்டுகள்தான். 1985-ல் பூசியது என்றால் இந்த நாற்பது வருஷத்தில் மூன்று அரை ஆயுளுக்கு மேல் கடந்துவிட்டது. மிஞ்சியிருப்பது சுமார் பத்தில் ஒரு பங்கு. பூச்சின் நிறமும் மாறும். வெள்ளையாக இருந்தது பாலேடு நிறமாகி, சிலவற்றில் பழுத்த பூசணி நிறத்துக்கே போய்விடும். பொட்டும் முள்ளும் ஒரே மாதிரிப் பழுத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பொட்டு மஞ்சள், முள் மட்டும் வெள்ளை என்றால் எங்கேயோ முள்ளை மாற்றியிருக்கிறார்கள்.

1990-களின் கடைசியில் கதிரியக்கமே வேண்டாம் என்றாகிவிட்டது. ஜப்பானில் நெமோட்டோ நிறுவனம் 1993-ல் உருவாக்கிய ஸ்ட்ரான்ஷியம் அலுமினேட் பூச்சு வழி திறந்துவிட்டது. இது தானாக ஒளிராது, வெளிச்சத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும். ஒளி பட்டதும் எலக்ட்ரான்கள் மேலே எழும்பி, படிகத்தில் இருக்கும் குழிகளில் மாட்டிக்கொள்ளும், மழைத் தண்ணீர் பள்ளத்தில் தேங்குவது மாதிரி. அறையின் வெப்பமே அவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தள்ள, இறங்கி வரும் ஒவ்வொன்றும் ஒளியை விட்டுவிட்டு வரும். பல மணி நேரம் இது நீடிக்கும்.

புதுப் பூச்சு வந்ததும் 'டி' எழுத்துக்கு வேலை இல்லை. 1998, 99-ஐ ஒட்டி வந்த டயல்களில் வெறும் 'ஸ்விஸ்' மட்டும் நின்றது. அப்புறம் 'ஸ்விஸ் மேட்' ஆனது. இங்கே ஒரு கண்ணி இருக்கிறது, கவனியுங்கள். ரேடியம் காலத்து டயலிலும் வெறும் 'ஸ்விஸ்'தான்! ஒரே சொல், நடுவில் கிட்டத்தட்ட நாற்பது வருஷ இடைவெளி. எழுத்தை மட்டும் நம்பினால் ஏமாறுவோம். இதற்கு ஒரு சின்னப் புற ஊதா டார்ச் போதும். 'டி' போட்ட டயலில் அடித்து அணைத்தால் பூச்சு ஒரு கணம் மினுங்கி வெகு சீக்கிரம் மங்கிவிடும். 'டி' என்று எழுதியிருந்தும் நெடுநேரம் பச்சையாக ஒளிர்ந்தால், யாரோ புதுப் பூச்சை அதன் மேல் தடவியிருக்கிறார்கள்.

மாடல் எண்ணை வைத்தே ரகம் பிரித்துவிடலாமே என்று தோன்றும். செயினைக் கழற்றினால் பழைய வாட்ச்களில் பன்னிரண்டு மணிப் பக்கத்து விளிம்பில் மாடல் எண், ஆறு மணிப் பக்கத்தில் வரிசை எண். ஆனால் 5513 என்ற ஒரே எண்ணைப் பாருங்கள். 1962-லிருந்து 1980-களின் இறுதி வரை ஓடியது. அதற்குள் எத்தனை முகங்கள்!

ஆரம்பத்து 5513 டயலை லென்சில் பார்க்கும் சுகமே தனி. வார்னிஷ் அடித்த மாதிரிப் பளபளக்கும் கறுப்பு. எழுத்துகள் தங்க நிறம். அந்தத் தங்கம் மேலே அச்சடித்தது இல்லை. பித்தளைத் தகட்டில் எழுத்து வர வேண்டிய இடங்களை மட்டும் ஒரு பூச்சால் மறைத்து, மின்முலாம் முறையில் மற்ற இடமெல்லாம் கறுப்பு ஏற்றி, பிறகு மறைப்பை எடுத்துவிடுவார்கள். சுங்குடிச் சேலையில் முடிச்சுப் போட்ட இடத்தில் சாயம் ஏறாமல் துணியின் நிறமே புள்ளியாக நிற்கும் அல்லவா? அதே கதைதான். எழுத்தாகத் தெரிவது அடியில் இருக்கும் பித்தளை. லென்சைச் சாய்த்துப் பார்த்தால் எழுத்து கறுப்பை விட ஒரு மயிரிழை தாழ்ந்திருப்பது தெரியும். பிற்காலத்தில் தங்க மையில் அச்சடித்த போலியில் எழுத்து மேடாக நிற்கும். இந்த ஒரு வித்தியாசத்தை மறைப்பது மிகவும் கஷ்டம்.

1960-களின் பின்பாதியில் பளபளப்பு போய், மங்கல் கறுப்பில் வெள்ளை எழுத்து வந்தது. அதில் முதலில் '200 மீட்டர் = 660 அடி' என்று எழுதினார்கள்; 1970-ஐ ஒட்டி வரிசை மாறி அடி முன்னால் வந்தது. 1980-களில் மறுபடி பளபளப்பு, பொட்டைச் சுற்றி வெள்ளைத் தங்க விளிம்பு. கூடப்பிறந்தது 5512. பெரும்பாலான 5512-களில் காலத் துல்லியச் சான்று பற்றிய இரண்டு வரி கூடுதலாக இருக்கும், 5513-ல் இருக்காது. 1959-ல் 5512 வந்தபோதுதான் நேரம் திருப்பும் திருகுக்கு இருபுறமும் காப்புத் தோள்கள் முளைத்தன. அதற்கு முந்தியவை தோளே இல்லாமல் வெறுமையாக இருக்கும்.

கண்ணாடி விஷயம் சுலபம். பழையது அக்ரிலிக், நடுவில் லேசாக எழும்பியிருக்கும், தொட்டால் குளிர்ச்சி குறைவு, கீறல் சீக்கிரம் விழும். 1980-ஐ ஒட்டி வந்த 16800-ல் செயற்கை நீலக்கல் கண்ணாடி வந்தது. ஆழமும் 300 மீட்டர் ஆனது.

ஒன்றை மறக்கக் கூடாது. பழைய வாட்சைச் சர்வீசுக்குக் கொடுத்தால் டயலையும் முள்ளையும் புதிதாக மாற்றிக் கொடுப்பது வழக்கமாக இருந்தது. அதனால் 1970-களின் உடம்பில் 2000-களின் டயல் இருந்தால் அது போலி என்று ஆகிவிடாது. உதிரி அசல்தான், ஆனால் கலப்பு. விற்பவர் அதைச் சொல்லித்தான் விற்க வேண்டும், சொல்லாமல் விற்பது தப்பு.

இப்போது மூன்று பச்சைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். சப்மரைனரின் ஐம்பதாம் ஆண்டுக்காக 2003-ல் வந்த 16610எல்வி: பச்சை வளையம், கறுப்பு டயல். 2010-ல் வந்த 116610எல்வி: வளையமும் பச்சை, டயலும் பச்சை. 2020-ல் வந்த 126610எல்வி: மறுபடி பச்சை வளையம், கறுப்பு டயல். 'எல்வி' என்றால் பிரெஞ்சில் பச்சை வளையம். நடுவில் இருப்பதை டயலை வைத்தே சொல்லிவிடலாம். முதலாவதும் மூன்றாவதும்தான் குழப்பும்.

2003-ன் வளையம் அலுமினியம். அதன் மேல் மின்வேதி முறையில் உண்டாக்கிய ஆக்சைடு படலத்தில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கும். சாயம் அந்தத் துளைகளில்தான் உட்கார்ந்திருக்கிறது. வெயிலின் புற ஊதா சாயத்தை உடைக்கும். பழைய கறுப்பு வளையங்கள் சாம்பல் பூத்துப்போவது இதனால்தான். 2020-ன் வளையம் சிர்கோனியா பீங்கான். நிறம் உடம்போடு சேர்ந்து சூளையில் வெந்தது, வெளிறாது. எண்களைப் பள்ளமாக வெட்டி அதில் மெல்லிய பிளாட்டினம் படிய வைத்திருப்பார்கள். விரல் நகத்தை ஓட்டினால் பள்ளம் தட்டுப்படும். பொடி எழுத்தின் நடுவே குட்டிக் கிரீடம் இருப்பதும் இதில்தான். உடம்பு 40 மில்லிமீட்டரிலிருந்து 41 ஆகிவிட்டது.

நகத்தை வைக்க மனமில்லை என்றால் இரண்டையும் விளக்குக்கு அடியில் ஒரு நிமிடம் காட்டிவிட்டு அறை விளக்கை அணையுங்கள். 2003-ன் பொட்டுகள் பச்சையாக ஒளிரும். 2020-ல் இருப்பது ரோலெக்ஸின் குரோமாலைட் பூச்சு. அது நீலமாக ஒளிரும்.