கருவிக்குள் இருப்பது கண்ணாடி அல்ல

இந்தப் பருவமழைக் காலத்தில் மட்டும் இது மூன்றாவது. ஒரு கல்லூரியின் வேதியியல் துறையிலிருந்து, அகச்சிவப்பு நிறமாலைமானி (ஒரு பொருள் எந்தெந்த அகச்சிவப்புக் கதிர்களை விழுங்குகிறது என்று காட்டும் கருவி) திடீரென்று சிக்னலே காட்டவில்லை என்று அழைத்தார்கள். நான் போய் மாதிரி வைக்கும் அறையின் மூடியைத் திறந்தபோது, கதிர் நுழையும் பக்கத்திலும் வெளியேறும் பக்கத்திலும் பொருத்தப்பட்டிருக்கும் இரண்டு வட்டச் சில்லுகளும், வாயில் போட்டுப் பாதி சப்பித் துப்பிய கல்கண்டைப் போல மேடும் பள்ளமுமாய், பால்நிறத்தில் மங்கிக் கிடந்தன. விசாரித்ததில், ஆய்வுக் குழு வருவதற்கு முந்தைய நாள் ஆய்வகம் முழுவதையும் பெருக்கித் துடைத்த உதவியாளர், அந்தச் சில்லுகளையும் ஈரத்துணியால் துடைத்திருக்கிறார். மங்கல் கூடியதே தவிரப் போகவில்லை என்பதால் மறுபடியும் துடைத்திருக்கிறார். மூன்றாம் முறை சோப்புத் தண்ணீரும் தொட்டிருக்கிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அது பொட்டாசியம் புரோமைடு, அதாவது ஓர் உப்பு, என்று அவரிடம் யாருமே சொன்னதில்லை. உப்பை ஈரத்துணியால் துடைத்தால் என்ன ஆகும் என்பது அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

எனக்குக் கோபம் வந்தது, பக்கத்தில் நின்ற பேராசிரியர் "கண்ணாடிதானே சார், மாற்றிவிடலாமே" என்று சொன்னபோதுதான். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஒளியியல் கருவிகளைப் பழுது பார்த்து வருகிறேன். கல்லூரியானாலும், மருந்து நிறுவனத்தின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவானாலும், லேசர் வெட்டுக் கடையானாலும், நான் பார்த்த சேதங்களில் பெரும்பாலானவற்றுக்குப் பின்னால் இந்த ஒரு சொல்தான் இருந்திருக்கிறது: "கண்ணாடிதானே."

அல்ல. இதைச் சற்று விரித்தே சொல்ல வேண்டியிருக்கிறது. நம் மொழியில் ஸ்படிகம் என்றதும் மனத்தில் வருவது ஸ்படிக லிங்கம். சிதம்பரத்தில் அதற்கு நாள் தவறாமல் ஆறு கால அபிஷேகம் நடக்கிறது. பாலும் நீரும் எத்தனை ஊற்றினாலும் அது தேய்வதில்லை. போதாததற்கு, கடைகளில் விலையுயர்ந்த கோப்பைகளுக்கு "கிரிஸ்டல்" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அவை வெறும் கண்ணாடி, அணுக்கள் ஒழுங்கின்றிக் கிடப்பவை, ஒரு பேச்சுக்குக்கூடப் படிகம் ஆகாதவை. இந்த இரண்டும் சேர்ந்து, படிகம் என்றால் உறுதியானது, தெளிவானது, தண்ணீருக்கு அஞ்சாதது என்ற எண்ணத்தை நம் தலையில் ஏற்றி வைத்துவிட்டன. படிகம் என்பது அணுக்கள் அடுக்கப்பட்ட ஒழுங்கைக் குறிக்கும் சொல். உறுதியைக் குறிக்கும் சொல் அன்று. லிங்கமாக இருக்கும் குவார்ட்ஸும் படிகம், நாக்கில் கரையும் கல்கண்டும் படிகம், முடிதிருத்தகத்துப் படிகாரமும் படிகம். உங்கள் கருவிக்குள் இருப்பது இவற்றில் எந்த வகையைச் சேர்ந்தது என்று தெரியாமல் அதன்மேல் துணியை வைக்கக் கூடாது.

"அப்படியானால் கரையாத ஒன்றைப் போட்டுத் தொலைக்கக் கூடாதா?" என்று அடுத்த கேள்வி வரும். இந்தக் கேள்வியை மதிக்கிறேன். விடை, ஒளியியல் படிகங்களின் இயல்பிலேயே இருக்கிறது. கண்ணாடியில் சிலிக்கனும் ஆக்சிஜனும் இறுகப் பிணைந்திருக்கின்றன. அணுவின் எடை குறைவாகவும் பிணைப்பு வலுவாகவும் இருந்தால் அந்தப் பிணைப்பு விரைவாக அதிரும். அந்த அதிர்வோடு ஒத்துப்போகும் அகச்சிவப்புக் கதிரை அது விழுங்கிவிடும். சாதாரண ஒளியியல் கண்ணாடி ஏறத்தாழ 2.5 மைக்ரான் அலைநீளத்திலேயே கதவை மூடத் தொடங்கிவிடுகிறது. வேதியியலாருக்கு வேண்டிய அகச்சிவப்பு எல்லையோ 2.5 மைக்ரானில் தொடங்கி 25 மைக்ரான் வரை போகிறது. கண்ணாடி முடியும் இடத்தில்தான் அவர்களுடைய வேலையே தொடங்குகிறது. அந்த எல்லை முழுவதையும் வழிவிட வேண்டுமானால், அணுக்கள் கனமாகவும் பிணைப்பு தளர்வாகவும் இருக்க வேண்டும். வீணையில் மந்தரத் தந்தி ஏன் தடித்திருக்கிறதோ, அதே கணக்குதான். பொட்டாசியமும் புரோமினும் அப்படிப்பட்ட ஜோடி. ஆனால் எந்தத் தளர்ந்த பிணைப்பு 25 மைக்ரான் வரை கதிரை விடுகிறதோ, அதே பிணைப்புத்தான் தண்ணீர் பட்டதும் பிரிந்து போகிறது. 100 மில்லி தண்ணீரில் 65 கிராம் அளவுக்குக் கரைகிறது. அதன் தகுதியும் பலவீனமும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை நீக்க எந்த நிறுவனத்தாலும் முடியாது.

மறுபக்கத்தையும் பாருங்கள். நீலக்கல், கடினத்தை ஒன்று முதல் பத்து வரை அளக்கும் மோஸ் அளவுகோலில் 9. கத்தியால் கீறினாலும் கோடு விழாது. அது 5.5 மைக்ரானுக்கு மேல் எதையும் விடாது. வைரம் இந்த விதிக்கு அடங்காமல் உறுதியாகவும் இருந்து அகச்சிவப்பின் பெரும்பகுதியையும் விடுகிறது, ஏனெனில் அதில் எல்லாமே ஒரே வகை அணு, கார்பன். அதிரும்போது மின்முனைவு (நேர், எதிர் மின்னூட்டங்களின் பிரிவு) மாறாததால் கதிரைப் பிடிக்க அதற்குக் கைப்பிடி இல்லை. (அதனால்தான் புதிய கருவிகளில் மாதிரியை அழுத்தி வைக்கும் இடத்தில் ஒரு சிறு வைரத்துண்டு இருக்கிறது. வட்டச் சில்லையும் வைரத்தில் கேட்டால் துறைத்தலைவர் கையெழுத்துப் போடுவாரா என்பது வேறு விஷயம்.)

ஆகவே உப்போடுதான் வாழ வேண்டும். அதுவும் கடற்கரை நகரத்தில். சமையலறையில் உப்பு ஜாடி மழைக்காலத்தில் நீர் விடுவதைப் பார்க்காதவர் நம்மில் இல்லை. சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். பொட்டாசியம் புரோமைடு 80 விழுக்காட்டைச் சற்றே தாண்டும்வரை தாங்கும். ஐப்பசி கார்த்திகையில் சென்னைக் காற்று இந்த அளவுகளைத் தாண்டுவது அன்றாடம். குளிர்சாதனம் ஓடும் வரை சிக்கல் இல்லை. சிக்கல், மாலை ஐந்து மணிக்கு மின்சாரத்தை மிச்சப்படுத்துகிறோம் என்று அதையும் கருவியையும் சேர்த்து அணைத்துவிட்டு, ஜன்னலையும் திறந்து வைத்துவிட்டுப் போகிறார்களே, அப்போதுதான் தொடங்குகிறது. அறைக்குள் எல்லாப் பொருள்களும் 22 டிகிரியில் குளிர்ந்து கிடக்கின்றன. உள்ளே வரும் வெளிக்காற்றின் பனிநிலையோ, அதாவது அதன் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலையோ, 24, 25 டிகிரி. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த சொம்பு வியர்ப்பதைப் போலப் படிகமும் வியர்க்கும். அதற்கு யாருடைய ஈரத்துணியும் தேவையில்லை.

தயவுசெய்து கருவியை இரவில் அணைக்காதீர்கள். உள்ளே இருக்கும் கதிர்மூலத்தின் இளஞ்சூடே, கதிரை இரண்டாகப் பிரிக்கும் பீம் ஸ்பிளிட்டர் என்ற உப்புப் படிகத்தைச் சுற்றுப்புறத்தைவிட ஓரிரு டிகிரி கூடுதலாக வைத்துக் காப்பாற்றுகிறது. கருவியை அணைத்து மிச்சப்படுத்திய மின்சாரத்தின் பத்தாண்டுக் கட்டணத்தைக் கூட்டினாலும், பீம் ஸ்பிளிட்டரை ஒருமுறை மாற்றும் செலவுக்கு ஈடாகாது. ஈரத்தை உறிஞ்சக் கருவிக்குள் வைத்திருக்கும் சிலிக்கா ஜெல் நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாக மாறினால் அது அலங்காரமல்ல, அழுகை. எடுத்து 120 டிகிரியில் சில மணி நேரம் காய வைத்து, டெசிகேட்டரில் (ஈரம் புகாத மூடிய பாத்திரத்தில்) ஆறவிட்டுத் திரும்ப வையுங்கள். நான் போகும் ஆய்வகங்கள் பலவற்றில் அது இளஞ்சிவப்பாகவே பிறந்தது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

"தண்ணீர்தானே கூடாது, அசிட்டோனால் துடைக்கலாமல்லவா?" என்று கெட்டிக்காரர்கள் கேட்பார்கள். அசிட்டோன் படிகத்தைக் கரைக்காது என்பது சரி. ஆனால் திறந்து திறந்து மூடிய புட்டியில் இருப்பது ஈரமான அசிட்டோன். அதைவிட முக்கியமாக, அது ஆவியாகும்போது பரப்பைச் சில்லிட வைக்கும், சில்லிட்ட பரப்பில் மழைக்காலக் காற்று உடனே பனியாக இறங்கும். அசிட்டோன் போன இடத்தில் தண்ணீரை உட்கார வைத்துவிட்டுப் போகிறது. உலர்ந்த அறையில்லாமல் இந்த வேலையைச் செய்யாதீர்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: மாதிரியைப் பொட்டாசியம் புரோமைடுப் பொடியோடு கலந்து அழுத்திச் செய்த வில்லையில் ஈரம் ஏறியிருந்தால், அதில் எடுத்த நிறமாலையில், 3400, 1640 ஆகிய அலையெண்களுக்கு (ஒரு சென்டிமீட்டரில் அடங்கும் அலைகளின் எண்ணிக்கை) அருகே தண்ணீரின் பட்டைகள் வந்து நிற்கும். அதைத் தன் சேர்மத்தின் ஹைட்ராக்சில் தொகுதி என்று எண்ணி ஆய்வேட்டில் ஒரு முழு இயலே எழுதிவிட்ட மாணவியைச் சந்தித்திருக்கிறேன். அவரிடம் அதைச் சொல்ல வேண்டியிருந்த நாள் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

கரையாத படிகங்களுக்கு வேறு குணம். கால்சியம் ஃபுளோரைடு தண்ணீரில் ஏறக்குறையக் கரைவதே இல்லை. ஆனால் சூட்டுக்கு அது விரியும் அளவு சாதாரண ஒளியியல் கண்ணாடியைப் போல இரண்டரை மடங்கு. குளிர்ந்த சில்லை வெந்நீரில் கழுவினாலோ, சீக்கிரம் காயட்டும் என்று தலைமுடி உலர்த்தியைக் காட்டினாலோ, தன் பிளவுத்தளத்தின் வழியே நறுக்கென்று இரண்டாகும். பேரியம் ஃபுளோரைடு இதைவிட மோசமான கோபக்காரன்.

பச்சை லேசர்களின் உள்ளே அலைநீளத்தைப் பாதியாக்கும் லித்தியம் டிரைபோரேட் என்ற படிகம் இன்னும் விசித்திரமானது. சூடாக்கினால் அது ஒரு திசையில் விரியும், அதே நேரத்தில் இன்னொரு திசையில் சுருங்கும். பல கருவிகளில் அது 150 டிகிரிக்கு அருகில் ஒரு சிறு அடுப்பில் உட்கார்ந்திருக்கிறது. மின்வெட்டில் அடுப்பு சட்டென்று ஆறினால், படிகமே தப்பினாலும் அதன்மேல் பூசிய மென்படலம் வெடித்துவிடும். லேசருக்கு யு.பி.எஸ். வாங்கும்போது கணினிக்கு மட்டும் இணைப்புக் கொடுத்துவிட்டு அடுப்பைச் சுவரில் செருகி வைப்பவர்களை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

இனி, உடைந்தால் பணத்தோடு போகாத ஒன்று. துணி, அக்ரிலிக், மரம் வெட்டும் கார்பன் டை ஆக்சைடு லேசரின் கதிர் 10.6 மைக்ரான். அதற்குரிய மஞ்சள் நிற லென்ஸ் ஜிங்க் செலினைடு. சென்ற மாதம் திருப்பூரில் ஒரு கடைக்குப் போயிருந்தேன். அங்கே இரும்பு வெட்டும் ஃபைபர் லேசரும் இருந்தது. அதன் முகப்பில் இருப்பது உருக்கிய சிலிக்கா, உறுதியானது. அதைத் துடைத்துப் பழகிய பையன், தோளில் கிடந்த துண்டாலேயே மஞ்சள் லென்ஸையும் தினமும் துடைத்திருக்கிறான். துண்டில் இருக்கும் தூசியில் மணல் இருக்கும்; மணலின் கடினம் 7, ஜிங்க் செலினைடு அதற்கு முன் சோப்புக் கட்டி மாதிரி. அவன் செய்தது துடைப்பது அல்ல, உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது. இந்தப் படிகத்தின் ஒளிவிலகல் எண் 2.4, மேற்பூச்சு இல்லாவிட்டால் ஒவ்வொரு முகத்திலும் 17 விழுக்காடு ஒளி திரும்பிவிடும். அந்தப் பூச்சுதான் முதலில் போனது. (சில லென்ஸ்களின் பூச்சில் கதிரியக்கமுள்ள தோரியம் ஃபுளோரைடும் உண்டு என்பதைத் துண்டைத் தோளில் போடுபவர்கள் தெரிந்துகொள்வது நல்லது.) கீறலில் புகை படிந்தது, படிந்த இடம் கதிரை விழுங்கிச் சூடேறியது, ஒரு நாள் லென்ஸ் வெந்து, விரிசல் விட்டு, வெண்பொடி உதிர்த்தது. அவர்கள் உடனே கம்பிரசர் காற்றால் அந்தப் பொடியை ஊதித் தள்ளியிருக்கிறார்கள்.

அந்தப் பொடியும் புகையும் நஞ்சு, செலினியம் இருக்கிறது. லென்ஸ் வெந்தால் லேசரை அணையுங்கள், ஆட்களை வெளியேற்றுங்கள், அறை காற்றோட்டமாகும் வரை உள்ளே போகாதீர்கள். ஊதக் கூடாது, பெருக்கவும் கூடாது. கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு ஈரத்தில் ஒற்றி எடுத்து, பையில் கட்டி, பெயர் எழுதி, விற்றவரிடம் ஒப்படையுங்கள். குப்பைத் தொட்டியிலும் சாக்கடையிலும் போடாதீர்கள். அமிலத்தின் அருகேயும் கொண்டுபோகாதீர்கள், அதிலிருந்து எழும் வாயு இன்னும் கொடியது. நல்ல லென்ஸைச் சுத்தம் செய்யும்போது முதலில் கைப்பம்பால் தூசியை நீக்கி, பிறகு லென்ஸ் தாளில் அசிட்டோன் ஒரு சொட்டு விட்டு, அழுத்தாமல், தாளின் எடையே போதும் என்று ஒரே இழுப்பாக இழுங்கள். அந்தத் தாளை மறுமுறை பயன்படுத்தாதீர்கள்.

கிளம்பும்போதுதான் கவனித்தேன். வெந்த லென்ஸின் பாதித் துண்டு, புஷ்பராகக் கல்லைப் போல மின்னிக்கொண்டு, முதலாளியின் மேசையில் சாமி படத்துக்குப் பக்கத்தில் இருந்தது. பேரன் கேட்டான், சாயங்காலம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்றார். கேட்டு வாங்கி இரண்டு பைகளுக்குள் போட்டுக் கட்டினேன். துண்டு இருந்த இடத்தில் மேசையின்மேல் மெல்லிய பொடி படிந்திருந்தது. பையன் வழக்கம்போலத் தோளிலிருந்த துண்டை எடுத்தான். கையைப் பிடித்து நிறுத்தி, கையுறையைக் கொடுத்து, இதற்கு மட்டும் ஈரத்துணி கொண்டு வா என்றேன்.